மூன்றெழுத்தின் வலிமை

கடன் கொடுப்பவர் அறிய வேண்டியவை இரண்டு. வாங்குபவரிடம் திருப்பித் தரும் ஆற்றல் உண்டா என்பது ஒன்று. திருப்பித் தரும் எண்ணம் உண்டா என்பது மற்றொன்று. ஓர் ஊருக்குள்ளே கைமாறும் கடனில் இவ்விரண்டையும் அறிவது அரிதான காரியமன்று. வாங்குபவருடைய வயலும் தோட்டமும் எல்லார் கண்ணுக்கும் தெரிவன. முன்னர் பட்ட கடனை அவர் எவ்வாறு தீர்த்தார் என்பதை அயலவர் சொல்லிவிடுவர். ஆனால், வாங்குபவர் ஒரு கண்டத்திலும் கொடுப்பவர் மற்றொரு கண்டத்திலும் இருந்து, கொடுப்போர் தொகையும் பல்லாயிரமாகப் பெருகிவிட்டால், இந்த அறிவு எங்கிருந்து கிடைக்கும்? அக்கேள்விக்கு விடையாகத் தோன்றியவையே கடன் தரமிடும் நிறுவனங்கள்.

ஓர் அரசாங்கமோ கம்பனியோ பெருந்தொகையைக் கடனாகப் பெற விரும்பும்போது, அத்தொகையைப் பல கூறுகளாக்கிப் பத்திரங்களாக விற்கிறது. இன்ன திகதியில் முதலைத் திருப்பித் தருவோம், அதுவரை இன்ன வீதப்படி வட்டி தருவோம் என்று உறுதி கூறும் அப்பத்திரமே கடன்முறி எனப்படுவது. அந்த உறுதிமொழியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைச் சில எழுத்துகளாற் குறித்துக் காட்டுவது தரமிடும் நிறுவனத்தின் தொழில். இத்தொழிலில் உலகெங்கும் மேலோங்கி நிற்பவை மூன்று: ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ், மூடீஸ், ஃபிட்ச். 'ஏ' என்னும் ஆங்கில எழுத்து மூன்று முறை அடுத்தடுத்து வருமாயின் அது தலைசிறந்த தரம். அங்கிருந்து படிப்படியாக இறங்கி, மூன்று 'பீ' எழுத்துகளைக் கொண்ட படியோடு 'முதலீட்டுத் தரம்' முடிவடைகின்றது. அதற்குக் கீழ்ப்பட்டவை ஊகத் தரத்தைச் சேர்ந்தவை. வணிகர் பேச்சில் அவற்றுக்குக் 'குப்பை முறி' என்ற பெயரும் உண்டு. மூடீஸ் நிறுவனம் எழுத்துகளைச் சற்று வேறு வகையாக அமைத்தாலும் கருத்து ஒன்றே.

ஓர் எழுத்து மாறுவதனால் என்ன நேர்ந்துவிடும் என்று கேட்கலாம். ஓய்வூதிய நிதிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் பல, முதலீட்டுத் தரத்துக்குக் கீழ்ப்பட்ட முறிகளை வைத்திருத்தலாகாது என்ற விதிக்கு உட்பட்டவை. ஒரு முறி அந்த எல்லையிலிருந்து ஒருபடி வழுவினால், அவை அதனை விற்றாக வேண்டும். பலரும் ஒருங்கே விற்க முற்படும்போது விலை வீழ்கின்றது. கடன்பட்டவர் அடுத்த முறை கடன் கேட்கும்போது கூடுதலான வட்டியைத் தர வேண்டியவராகின்றார். அந்த வட்டி ஓர் அரசாங்கத்துக்குரியதாயின், அதனை இறுதியில் இறுப்பவர்கள் அந்நாட்டின் குடிமக்கள். இத்தனையும் ஒரு தனியார் நிறுவனத்தின் குழுவொன்று அறையொன்றிற் கூடி எடுத்த முடிவினால் விளைவன. மக்களால் தெரிவுசெய்யப்படாத இந்நிறுவனங்களுக்கு இவ்வளவு வலிமை எங்ஙனம் வந்தது? அதனை அறிவதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

1837ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவில் பெரும் பணநெருக்கடி ஒன்று ஏற்பட்டது. கடனுக்குச் சரக்குக் கொடுத்த வணிகர் பலர் அதனால் நொடித்துப் போயினர். அவர்களுடன் தொடர்புடைய பட்டு வணிகரான லூயிஸ் டப்பன் என்பவர், 1841இல் நியூயோர்க்கில் ஒரு நிலையத்தை நிறுவினார். தூர ஊர்களிலுள்ள கடைக்காரர்களின் நாணயத்தைப் பற்றி ஆங்காங்கே உள்ளவர்களிடமிருந்து செய்தி திரட்டி, பணம் செலுத்திய வணிகர்களுக்கு அதனைத் தெரிவிப்பதே அந்நிலையத்தின் வேலை. பின்னர்ப் புகையிரதப் பாதைகள் அமெரிக்கக் கண்டத்திற் பரவத் தொடங்கின. அவற்றை அமைப்பதற்கான பணம் முறிகள் மூலமே திரட்டப்பட்டது. புகையிரதக் கம்பனிகளின் சொத்தையும் கடனையும் விவரமாகத் தொகுத்து, ஹென்றி வார்னம் புவர் என்பவர் 1860இல் ஒரு நூலை வெளியிட்டார். 1909இல் ஜோன் மூடி என்பவர் மேலும் ஒருபடி சென்றார். விவரங்களைத் தந்ததோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு புகையிரதக் கம்பனியின் முறிக்கும் ஓர் எழுத்தாற் குறியிட்டார். நீண்ட கணக்குகளை வாசிக்க நேரமில்லாத முதலீட்டாளருக்கு அந்தக் குறி பேருதவியாயிற்று.

அக்காலத்து ஏற்பாட்டில் ஒன்றைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. அந்நூலை விலை கொடுத்து வாங்கியவர்கள் முதலீட்டாளர்கள். மதிப்பீடு பிழைத்தால் அவர்கள் அடுத்த ஆண்டு நூலை வாங்கமாட்டார்கள். ஆகவே, வாசகருடைய நம்பிக்கையே மூடியின் மூலதனமாக இருந்தது. அந்த எழுத்து, வேண்டியவர் ஏற்கவும் வேண்டாதவர் தள்ளவும் கூடிய ஒரு கருத்தாக மட்டுமே நிலவியது.

இந்நிலையை மாற்றியவை இரண்டு நிகழ்ச்சிகள். முதலாவது, சட்டம் அந்த எழுத்தைத் தன்னுள்ளே சேர்த்துக்கொண்டமை. 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்க வங்கிகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. வைப்பாளரின் பணத்தைக் காக்கும் பொருட்டு, 1936இல் வங்கிகளை மேற்பார்வை செய்த அதிகாரி ஒரு விதியைப் பிறப்பித்தார். அங்கீகாரம் பெற்ற தரமிடல் நூல்களில் ஊகத் தன்மையுடையவை எனக் குறிக்கப்பட்ட பத்திரங்களை வங்கிகள் வாங்கலாகாது என்பதே அந்த விதி. காப்புறுதித் துறையினரும் ஓய்வூதியத் துறையினரும் இத்தகைய விதிகளைப் பின்னர் ஏற்படுத்தினர். 1975இல் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு, எந்தெந்த நிறுவனங்களின் தரமிடல் சட்டத்தின் கண் செல்லுபடியாகும் என்று தனி அங்கீகாரம் வழங்கத் தொடங்கியது. மேற்சொன்ன மூன்று நிறுவனங்களும் அந்த வட்டத்துள் முதலில் இடம்பெற்றன. புதியவர் அவ்வட்டத்துள் நுழைவது எளிதாக இருக்கவில்லை. ஒரு காலத்தில் வாசகர் விரும்பி வாங்கிய கருத்து, இவ்வாறு எவரும் புறக்கணிக்க இயலாத அனுமதிச் சீட்டாக மாறியது.

இரண்டாவது நிகழ்ச்சி, கட்டணத்தைச் செலுத்துபவர் மாறியமை. படியெடுக்கும் இயந்திரங்கள் பரவியபின், ஒருவர் வாங்கிய தரமிடல் ஏட்டைப் பலர் விலையின்றிப் பெறுவது எளிதாயிற்று. 1970இல் பென் சென்ட்ரல் என்னும் மாபெரும் புகையிரதக் கம்பனி வங்குரோத்து அடைந்தது. கடன் கொடுத்தோர் அச்சமுற்றனர். கடன் வாங்கும் கம்பனிகள் தம் நாணயத்தை மெய்ப்பிக்கும் சான்றைத் தேடின. இவ்வாறாக 1970களின் முற்பகுதியில், தரமிடும் நிறுவனங்கள் தம் கட்டணத்தை முறியை வெளியிடுவோரிடமிருந்தே பெறும் வழக்கம் நிலைபெற்றது. மாணவனே ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்துத் தன் விடைத்தாளைத் திருத்துவிக்கும் ஏற்பாட்டுக்கு இது ஒப்பாகும். ஆசிரியர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆயினும், குறைந்த புள்ளி கொடுத்தால் மாணவன் அடுத்த வீட்டு ஆசிரியரை நாடிச் செல்வான் என்ற எண்ணம் அவர் மனத்தில் எழாதிருக்குமா?

பல ஆண்டுகளாக இவ்வழக்கம் பெருந்தீங்கு எதனையும் விளைக்கவில்லை. முறி வெளியிடுவோர் பல்லாயிரவர். அவர்களுள் ஒருவருடைய கட்டணம் இழக்கப்பட்டாலும் நிறுவனத்துக்குப் பெரிய நட்டமில்லை. 2000ஆம் ஆண்டின் பின் இந்நிலை மாறியது. வீட்டு ஈட்டுக்கடன்களை ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கட்டி, அக்கட்டிலிருந்து புதிய பத்திரங்களைப் பிறப்பிக்கும் தொழில் அமெரிக்காவிற் பெருகிற்று. அப்பத்திரங்களை உண்டாக்கியவை ஒரு சில பெருவங்கிகளே. எனவே, ஒரு வங்கியை இழப்பது தரமிடும் நிறுவனத்துக்குப் பெரும் வருமானத்தை இழப்பதாயிற்று. முதலில் வரும் இழப்பைக் கீழ்ப்படியிலுள்ள பத்திரக்காரர் ஏற்பர் என்றும், ஆதலால் மேற்படியிலுள்ள பத்திரத்துக்கு ஆபத்தில்லை என்றும் கணக்குக் காட்டப்பட்டது. நாடு முழுவதிலும் வீட்டு விலைகள் ஒரே காலத்தில் வீழமாட்டா என்ற எண்ணம் அக்கணக்கின் அடித்தளமாக இருந்தது.

பின்னர் நடந்ததை அமெரிக்க அரசாங்கம் நியமித்த நிதி நெருக்கடி விசாரணைக் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக் கூறுகின்றது. 2006ஆம் ஆண்டில் மூடீஸ் நிறுவனம் ஒவ்வொரு வேலைநாளிலும் 30 ஈட்டுக்கடன் பத்திரங்களுக்கு மூன்று 'ஏ' தரத்தை வழங்கியதாம். அவ்வாண்டில் அத்தரத்தைப் பெற்ற பத்திரங்களுள் நூற்றுக்கு 83 வீதமானவை பின்னர்த் தரமிறக்கப்பட்டன. தலைசிறந்த தரம் என்பது, மிக அரிதாகவே பொய்க்கும் என்று உலகம் நம்பியிருந்த ஒன்று. அது நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பொய்த்தபோது, அந்த நம்பிக்கையின்மேல் எழுப்பப்பட்ட வங்கிகளும் ஆட்டங்கண்டன. 2008ஆம் ஆண்டின் நெருக்கடி உலகெங்கும் பரவியது. வேலை இழந்தோரும் வீடு இழந்தோரும் இந்த எழுத்துகளைப் பற்றி முன்னர்க் கேள்விப்பட்டும் இராதவர்கள்.

இந்நெருக்கடியின் ஒரு சிறு பகுதி அவுஸ்திரேலியாவில் நீதிமன்றம் வரை சென்றது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே, பாதர்ஸ்ட் முதலிய பத்துக்கு மேற்பட்ட உள்ளூராட்சி மன்றங்கள், தம் கையிருப்புப் பணத்தில் ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் அவுஸ்திரேலிய டொலரை ஒருவகைப் பத்திரத்தில் முதலீடு செய்தன. ஏபிஎன் அம்ரோ என்னும் ஒல்லாந்து வங்கி 2006இல் உருவாக்கிய அப்பத்திரம், ரெம்பிராண்ட் என்ற ஓவியரின் பெயரைத் தாங்கியது. அமெரிக்க, ஐரோப்பியக் கம்பனிகள் கடன் தவறமாட்டா என்று பந்தயம் கட்டுவதற்கு ஒப்பானது அதன் அமைப்பு. இழப்பு நேருமாயின் பந்தயத்தை மேலும் பெருக்கி, இழந்ததை மீட்க முயல்வது அதன் உட்பொறி. பாதை செப்பனிடுவதையும் குப்பை அகற்றுவதையும் கடமையாகக் கொண்ட மன்றங்களில், இத்தகைய பத்திரத்தை ஆராயவல்ல நிபுணர் எவரும் இருக்கவில்லை. ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் அதற்கு வழங்கிய மூன்று 'ஏ' எழுத்துகளே அவர்களுக்கு ஆதாரம். 2008இல் பத்திரம் முறிந்தபோது, போட்ட முதலில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதத்துக்கு மேல் அழிந்தது. அது வரியிறுப்பாளர்களின் பணம்.

மன்றங்கள் வழக்குத் தொடுத்தன. முதலீட்டாளருக்கும் தமக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றும், தரமிடல் வெறும் கருத்தே என்றும் தரமிட்ட தரப்பினர் வாதாடினர். 2012 நவெம்பரில் சமஷ்டி நீதிமன்ற நீதியரசர் ஜேன் ஜாகொட் அளித்த தீர்ப்பு ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. பத்திரத்தின் ஆபத்தைக் கணிப்பதற்கு வேண்டிய முக்கியமான எண்ணொன்றை, தானே சரிபார்க்காமல், பத்திரத்தை உருவாக்கிய வங்கி சொன்னவாறே தரமிடும் நிறுவனம் ஏற்றுக்கொண்டதென அவர் கண்டார். தகுதியுள்ள ஒரு நிறுவனம் நியாயமான கவனத்துடன் நடந்திருந்தால் இத்தரத்தை வழங்கியிராது என்றும், அந்த எழுத்தை நம்பிப் பணமிடுவோர்பால் அதற்குக் கவனக் கடமை உண்டு என்றும் தீர்ப்பாயிற்று. வங்கியும், பத்திரத்தை மன்றங்களுக்கு விற்ற இடைநிலை நிறுவனமும் பொறுப்பிலிருந்து தப்பவில்லை. 2014இல் மேன்முறையீடும் தள்ளப்பட்டது. கருத்துக் கூறினோமேயன்றி உத்தரவாதம் அளிக்கவில்லை என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்த ஒரு தொழில், தன் சொல்லுக்குப் பொறுப்பேற்க வேண்டிவந்தமை அவ்வழக்கின் சிறப்பு.

அமெரிக்காவிலும் பொறுப்பை வலியுறுத்த ஒரு முயற்சி நடைபெற்றது. 2010 யூலையில் நிறைவேறிய நிதிச் சீர்திருத்தச் சட்டம், தரமிடும் நிறுவனங்கள் இதுவரை அனுபவித்த ஒரு பாதுகாப்பை நீக்கியது. முறி விற்பனைக்கான சட்டபூர்வ அறிக்கையில் தம் தரமிடல் இடம்பெற இசைந்தால், பிழைக்கு நிபுணர் என்ற முறையில் அவை பொறுப்பேற்க வேண்டும் என்றாயிற்று. உடனே மூன்று நிறுவனங்களும் இசைவு தர மறுத்துவிட்டன. குறித்த சிலவகை முறிகளுக்கோ தரமிடலை வெளியிடாமல் விற்க இயலாது என்ற வேறொரு விதி இருந்தது. விற்பனை தடைப்பட்டது. போர்ட் மோட்டார்க் கம்பனியின் கடன் பிரிவு கேட்டுக்கொண்டதற்கிணங்கி, பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு ஒரு சில நாள்களுக்குள்ளேயே விதியைத் தளர்த்தியது. சட்டத்தை இயற்றிய அரசாங்கமே அதன் ஒரு பிரிவை நடைமுறையில் நிறுத்திவைக்க நேர்ந்தது. இந்நிறுவனங்களின் செல்வாக்கு எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எனினும், ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் 2015இல் அமெரிக்க நீதித் திணைக்களத்துடனும் பல மாநிலங்களுடனும் செய்துகொண்ட இணக்கத்தின்படி, 137 கோடியே 50 இலட்சம் டொலரைச் செலுத்த உடன்பட்டது என்பதையும் கூறுதல் முறையாகும்.

கம்பனிகளை விடுத்து நாடுகளின் நிலையைப் பார்த்தால், இந்த எழுத்துகளின் வலிமை எல்லாரிடத்தும் ஒரே அளவினதாக இல்லை என்பது புலனாகும். 2011 ஓகஸ்ட் 5ஆம் திகதி ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவின் மூன்று 'ஏ' தரத்தை ஒருபடி குறைத்தது. கணக்கில் 2 இலட்சம் கோடி டொலர்ப் பிழை இருப்பதாக அமெரிக்கத் திறைசேரி சுட்டிக் காட்டியும் முடிவு மாறவில்லை. ஆனால், அதன்பின் கலக்கமடைந்த முதலீட்டாளர் ஓடிச்சென்று வாங்கியது அதே அமெரிக்க அரசாங்கத்தின் முறிகளையே. வட்டி வீதம் ஏறுவதற்கு மாறாக இறங்கியது. 2023இல் ஃபிட்ச் நிறுவனமும் 2025இல் மூடீஸ் நிறுவனமும் அமெரிக்காவின் தரத்தைக் குறைத்தன. வல்லரசு அதனைத் தாங்கிக்கொண்டது. ஏனெனில், தன் கடனைத் தான் அச்சிடும் நாணயத்திலேயே தீர்க்க அதற்கு இயலும்.

பிற நாட்டு நாணயத்தில் கடன்படும் சிறிய நாடுகளின் கதை வேறு. இலங்கை 2005இல் முதன்முறையாகத் தன் கடனுக்குப் பன்னாட்டுத் தரத்தைப் பெற்றது. அது முதலீட்டுத் தரத்துக்குக் கீழ்ப்பட்டதாகவே இருந்தது. 2007இல் 50 கோடி டொலருக்கு முதலாவது பன்னாட்டு முறி வெளியாயிற்று, வட்டி 8.25 வீதம். பின்வந்த ஆண்டுகளில் இத்தகைய முறிகள் பெருகின. 2019ஆம் ஆண்டின் இறுதியில் வரிகள் குறைக்கப்பட்டமையால் அரசாங்க வருமானம் சுருங்கியது. 2020இன் பெருந்தொற்று உல்லாசப் பயணத்துறையை முடக்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் மூடீஸ் நிறுவனம் நாட்டின் தரத்தை ஒரே முறையில் இருபடி குறைத்தது. அம்முடிவு நியாயமற்றதென அரசாங்கம் கண்டித்தது. ஆனால், டொலர்க் கையிருப்புக் கரைந்து, 2022 ஏப்பிரில் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நீண்ட வரிசைகளில் நின்ற மக்களுக்கு அவ்வாண்டின் நினைவு மங்கியிராது. 2024 டிசெம்பரில் பழைய முறிகளுட் பெரும்பாலானவை புதிய முறிகளாக மாற்றப்பட்ட பின்னர், தரம் சற்று உயர்த்தப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு உண்மைகளைப் பெறலாம். தரமிறக்கம் ஒரு நாட்டுக்குக் கடன் கிடைக்கும் வாயிலை அடைத்து, அது அஞ்சிய வீழ்ச்சியை விரைவுபடுத்தக் கூடும் என்பது ஒன்று. குடையின்றி நிற்பவனிடமிருந்து மழை வருமென்று கூறிக் கூரையையும் பறிப்பது போன்றது அது. ஆயினும், எழுத்து தாழ்ந்ததற்குக் காரணமான வரவுசெலவுக் குறை மெய்யானதாயின், எழுத்தை எழுதியவரைக் கண்டிப்பதனால் அக்குறை நீங்கிவிடாது என்பது மற்றொன்று. நோயாளி வெப்பமானியை உடைப்பதனால் காய்ச்சல் தணிவதில்லை. ஈட்டுக்கடன் விடயத்தில் அந்நிறுவனங்கள் பெரும் பிழை இழைத்தன என்பது, அவை சொல்வன யாவும் பிழை என்பதற்குச் சான்றாகாது.

2008இன் பின் சில திருத்தங்கள் நிகழ்ந்துள்ளன. அமெரிக்கச் சமஷ்டி விதிகளில் தரமிடலைக் கட்டாயமாக்கிய பகுதிகளை நீக்கும்படி 2010ஆம் ஆண்டின் சட்டம் பணித்தது. ஐரோப்பாவில் 2011 முதல் ஒரு பொது அதிகார சபை இந்நிறுவனங்களை நேரடியாக மேற்பார்வை செய்து வருகின்றது. எனினும், கட்டணத்தைச் செலுத்துபவர் இன்றும் பெரும்பாலும் முறியை வெளியிடுபவரே. மூன்று நிறுவனங்களின் மேலாண்மையும் குறைந்தபாடில்லை.

ஆதலின், எழுத்தை நம்பிப் பணத்தை ஒப்படைக்கும் நிலையிலுள்ளோர், ஓய்வூதிய நிதியொன்றின் பொறுப்பாளராயினும், நகரசபையொன்றின் கணக்காளராயினும், மூன்று கேள்விகளைக் கேட்பது கடன். இத்தரத்துக்குக் கட்டணம் செலுத்தியவர் யார்? கணக்குக்கு ஆதாரமான எண்களைத் தந்தவர் யார்? இந்த எழுத்து எதைச் சொல்கின்றது, எதைச் சொல்லவில்லை? தரமிடல் கூறுவதெல்லாம் கடன் தவறப்படும் வாய்ப்பைப் பற்றிய ஒரு மதிப்பீடு. நாளை அம்முறி என்ன விலைக்குப் போகும் என்பதையோ, அவசரத்துக்கு விற்க ஆள் கிடைக்குமா என்பதையோ, அது வாங்குபவருக்கு ஏற்றதா என்பதையோ அது கூறுவதில்லை.

ஜோன் மூடி 1909இல் எழுத்துகளை இட்டபோது, வாசகருடைய ஆராய்ச்சிக்கு அவை துணையாகும் என்பதே கருத்து. ஆராய்ச்சியைக் கைவிட்டவர்களும், அவ்வெழுத்தைச் சட்டத்தில் எழுதிவைத்தவர்களும் சேர்ந்தே அதனை ஆளும் பொருளாக உயர்த்தினர். பாதர்ஸ்ட் நகரத்தாருடைய பணம் அழிந்ததும் அந்த இடைவெளியில்தான். வழங்கிய வலிமையை முழுவதும் மீளப் பெறுதல் எளிதன்று. ஆயினும், கடன் கொடுக்குமுன் வாங்குபவரைத் தாமே விசாரித்தறியும் பழைய வழக்கத்தை ஒவ்வொரு பொறுப்பாளரும் மீண்டும் மேற்கொள்வாராயின், அந்த மூன்றெழுத்தின் வலிமை அதற்குரிய அளவில் நிற்கும்.